மூன்று லட்ச ரூபாய் டிரம் செட்: தாராவி ட்ரூப் ஒன்றின் கணக்கு

தாராவியில் ஒரு மெல்லிசை ட்ரூப் போன வருடம் கிட்டத்தட்ட மூன்று லட்ச ரூபாய்க்கு ஒரு டிரம் செட் வாங்கியது. விளம்பரத்தில் பெரிய ராக் டிரம்மர் ஒருவருடைய படம், கூடவே அவர் கையெழுத்து பொறித்த ஸ்நேர், அதாவது அடியில் கம்பிச்சுருள் வைத்து சுள்ளென்று கேட்கிற டிரம். ஒரு சீசன் முழுக்க வாசித்து முடித்தபிறகு ட்ரூப்பை நடத்துகிற அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு, "இம்புட்டு துட்டு போட்டும் பழைய செட்டு மாதிரிதான தம்பி கேக்கு? என்னன்னு கொஞ்சம் பாரேன்" என்றார். பார்த்ததை இங்கே எழுதுகிறேன். செட்டின் கம்பெனி, விற்ற கடை, அந்த நட்சத்திரம், இந்த மூன்று பெயரையும் விட்டுவிடுகிறேன். செட் ஒன்றும் மோசமில்லை, வேறு கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் இதே கதைதான் நடந்திருக்கும்.

ட்ரூப்பின் பிழைப்பு எது என்று தெரிந்தால்தான் மீதி புரியும். அம்மன் கோயில் கொடை, கல்யாண வரவேற்பு, கணபதி மண்டல், பொங்கல் சமயத்தில் தெரு மேடை. இரண்டு கீபோர்டு, கிட்டார், தபேலா, டோலக், ரிதம் பேட் (தட்டினால் பதிந்து வைத்த தாளச் சத்தம் தருகிற மின் பலகை), டிரம்ஸ், பாடகர்கள். சாமான் எல்லாம் ஒரே டெம்போவில் போகும். மேடை சில சமயம் ஹாலில், பல சமயம் தகரப் பந்தலில், பக்கத்திலேயே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும். டிரம்ஸ் வாசிக்கிற பையனுக்கு இருபத்திரண்டு வயசு இருக்கும், கை நல்ல கை, டைமிங் சுத்தம். புதுசு வாங்கவேண்டும் என்று கிளப்பிவிட்டது அவன்தான். "அண்ணே, அவரு இதே செட்டத்தான் உலகம் பூரா வாசிக்காரு" என்று என்னிடமும் சொன்னான். கடையிலும் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

பில்லை வாங்கிப் பார்த்தேன். விஷயத்தில் பாதி அங்கேயே இருந்தது. விலை உயர்ந்த செட்கள் பெரும்பாலும் ஷெல் பேக் (ஷெல் என்றால் டிரம்மின் கூடு) என்றுதான் விற்கப்படுகின்றன: டிரம் மட்டும், சிம்பல் என்கிற உலோகத் தட்டுகள் கிடையாது, கிக் என்கிற பெரிய டிரம்மைக் காலால் அடிக்கிற பெடல் கிடையாது, பல மாடல்களில் ஸ்டாண்டும் கிடையாது. முப்பதாயிரம், நாற்பதாயிரம் ரூபாய் செட்டில் எல்லாம் ஒரே பெட்டியில் வந்துவிடும், மூன்று லட்சத்துக்கு வாங்கினால் அதற்கு மேல் இன்னும் ஒரு லட்சம் தேவைப்படும். அண்ணாச்சி ஏற்கெனவே பாதிப் பணம் கடன் வாங்கித்தான் கட்டியிருந்தார், அதனால் பழைய செட்டோடு வந்த பித்தளைத் தகடு சிம்பல்களும் சங்கிலி தொங்கிப்போன பழைய பெடலும் புது மேப்பிள் டிரம்முக்குப் பக்கத்திலேயே ஒரு சீசன் முழுக்க நின்றன. பழைய செட் மாதிரியே கேட்கிறது என்று அண்ணாச்சி சொன்னதில் தப்பே இல்லை, ஏனென்றால் காதுக்கு முதலில் வந்து விழுகிறது சிம்பல்தான், அது பழைய சிம்பலேதான்.

ஆனாலும் கணக்கை முழுசாகப் பார்க்க வேண்டும் இல்லையா? ஒரு ஞாயிற்றுக்கிழமை ரிகர்சல் ஹாலில் இரண்டு செட்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டோம். முன்னால் வரவேற்பு மேடைக்குக் கட்டுகிற பேக்டிராப் துணி. அதே பையன், அதே பாட்டு, அதே மைக். கேட்க உட்கார்ந்தவர்கள் பாடகர்கள், கீபோர்டுக்காரர், மைக் செட்காரர், அண்ணாச்சி, டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுவிட்ட பக்கத்துக் கடைப் பையன். இது ஆராய்ச்சிக்கூடம் கிடையாது, முடிவை அப்படி எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். இந்த ட்ரூப்புக்கு எது காதில் ஏறுகிறது என்று தெரிந்தால் போதும் என்பதுதான் நோக்கம்.

முதல் சுற்றில் இரண்டையும் இருந்தபடியே வாசித்தோம். புது செட் நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் கண்டுபிடித்துவிட்டார்கள். பழைய செட்டின் ஹெட்களை, அதாவது டிரம்மின் மேலும் கீழும் இழுத்து மாட்டுகிற சவ்வுகளை, திருப்பிப் பார்த்தேன், மேல் ஹெட்டில் நடுவில் குழி விழுந்து பூச்சு உரிந்திருந்தது, கீழ் ஹெட் கம்பெனியில் மாட்டியது, ஒருநாளும் கழற்றியதே இல்லை. நம் ட்ரூப்களில் இது சகஜம். தபேலாவுக்கு மழைக்காலத்தில் சுருதி இறங்கினால் உடனே சுத்தியலை எடுக்கிற ஆட்கள்தான், டிரம்முக்கு மட்டும் போல்ட்டை முறுக்கிச் சுருதி சேர்க்கிற கீ என்று ஒன்று இருக்கிறதையே மறந்துவிடுவார்கள். டிரம் ஹெட் 1950கள் வரைக்கும் கன்றுத் தோல்தான், அதற்கப்புறம்தான் எவன்ஸ், ரெமோ கம்பெனிகள் மைலர் பிளாஸ்டிக்கில் செய்ய ஆரம்பித்தன. பம்பாய் மழையில் தோல் தளர்கிற மாதிரி மைலர் தளராது, அதனாலேயே யாரும் அதைக் கவனிப்பதும் இல்லை. அடிக்க அடிக்க அது நீண்டு செத்துப்போகிறது, அது மெதுவாக நடப்பதால் வாசிக்கிறவனுக்கே தெரிவதில்லை.

பழைய செட்டுக்கு மேலும் கீழும் புது ஹெட் போட்டேன். டாமுக்கு (கிக்கும் ஸ்நேரும் போக மீதி டிரம்களுக்கு) இரண்டு அடுக்கு, ஸ்நேருக்கு ஒற்றை அடுக்கு பூச்சு உள்ளது. எதிரெதிர் போல்ட்டாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, ஒவ்வொரு போல்ட் பக்கத்திலும் தட்டிப் பார்த்து ஒரே சுருதி வரும்வரை விடாமல் சரிசெய்தேன். எல்லாம் சேர்ந்து பதினைந்தாயிரத்துக்குள் முடிந்தது, ஒரு மாலை நேரம் போனது. அப்புறம் துணிக்குப் பின்னால் இரண்டாவது சுற்று. டாம் சத்தத்தை வைத்து எது புதுசு எது பழசு என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள், கீபோர்டுக்காரர் பழைய செட்டைக் காட்டி "இதுதான் அந்த மூணு லட்சம்" என்று அடித்துச் சொன்னார். மைக் செட்காரர் மட்டும் சரியாகச் சொன்னார், அதுவும் ஃப்ளோர் டாமை, அதாவது தரையில் நிற்கிற பெரிய டாமை வைத்து. அது எப்படி என்று கீழே சொல்கிறேன்.

டிரம்மின் சத்தத்தைத் தீர்மானிப்பதில் முதல் இடம் ஹெட்டின் இழுவைக்கு, அடுத்து விட்டம், ஹெட்டின் கனம், எவ்வளவு நேரம் அதிரவிடுகிறோம் என்பது. அதற்கெல்லாம் பின்னால்தான் ஷெல் மரம் வரும். மேப்பிளா, பிர்ச்சா, பாப்ளரா என்பது நல்ல ஹாலில், நல்ல மைக்கில், அமைதியான பாட்டில் கேட்கும், இல்லை என்று சொல்லமாட்டேன். ஜெனரேட்டர் பக்கத்தில் கேட்காது. மரத்தைவிட முக்கியமான ஒரு இடம் ஷெல்லில் இருக்கிறது, ஹெட் வந்து உட்காருகிற விளிம்பு. அது மட்டமாக, ஒரே சீராக இருந்தால்தான் ஹெட் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி உட்காரும், இல்லையென்றால் என்ன முறுக்கினாலும் சுருதி சேராது. இதைச் சோதிக்கக் காசு தேவையில்லை: ஹெட்டைக் கழற்றிவிட்டு ஷெல்லை மட்டமான கிரானைட் மேல் கவிழ்த்து, உள்ளே ஒரு சின்ன விளக்கை வைத்து, அறையை இருட்டாக்கிப் பார்த்தால் விளிம்பு தேய்ந்த இடத்தில் ஒளி கசியும். அண்ணாச்சி வீட்டுச் சமையல் மேடையில் வைத்தே பார்த்தோம், அவர் வீட்டம்மா இதைப் பற்றிச் சொன்னதை எழுதமுடியாது. புது செட் ஐந்தும் சுத்தம். பழசில் நான்கு சுத்தம், ஃப்ளோர் டாமில் ஒரு பக்கம் நன்றாகவே கசிந்தது. மைக் செட்காரர் காதில் விழுந்தது அந்த இழுபறிச் சத்தம்தான்.

விலை கூடினால் கிடைப்பதில் உண்மையானது இந்த மாதிரி விஷயம்தான்: விளிம்பு, வட்டம் கோணாத ஷெல், நூல் பிடித்த மாதிரி திரும்புகிற போல்ட், துருப்பிடிக்காத முலாம். கடல் காற்றும் நான்கு மாத மழையும் இருக்கிற ஊரில் கடைசிச் சங்கதி சின்னதில்லை. ஆனால் இதெல்லாம் இன்று ஒரு லட்சத்துக்குக் கீழே இருக்கிற செட்களிலேயே வந்துவிட்டது, விளிம்பை மெஷின் அறுக்கிறது, முன்பு போலக் குறைந்த விலை செட் என்றாலே கோணலாக வருவதில்லை. அதற்கு மேலே போகப்போக நாம் கொடுப்பது பெயிண்டுக்கும் பெயருக்கும்.

ஸ்நேர் விஷயம் வேறு. நட்சத்திரக் கையெழுத்துப் போட்ட பித்தளை ஸ்நேர் துணிக்குப் பின்னாலிருந்தே எல்லோருக்கும் தெரிந்தது. பாட்டு முழுக்க இரண்டாவது, நான்காவது அடியில் கேட்டுக்கொண்டே இருக்கிற சாமான் அது, மைக்கும் தனியாக இருக்கும். நல்ல ஸ்நேருக்குச் செலவழிப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை, கையெழுத்து இருந்தால் என்ன இல்லாவிட்டால் என்ன. ராக் இசைத்தட்டுகளில் அதிகம் ஒலித்த ஸ்நேர்களில் ஒன்று என்று பெயரெடுத்த, லட்விக் கம்பெனியின் சூப்ராஃபோனிக் அலுமினிய ஷெல்லில் குரோம் முலாம் பூசியது. அலுமினியம் என்று சொன்னால் நம் ஆட்கள் முகத்தைச் சுளிப்பார்கள், லெட் செப்பலின் ராக் குழுவின் டிரம்மர் ஜான் போனம் வாசித்தது அதில்தான்.

மூன்றாவது சுற்றுதான் அண்ணாச்சியை நிமிர்ந்து உட்கார வைத்தது. தெரிந்த நண்பரிடம் நல்ல வெண்கல ஹைஹேட்டும் (காலால் மூடித் திறக்கிற ஜோடி சிம்பல்) ஒரு கிராஷும் (ஓங்கி அடிக்கிற சிம்பல்) கடன் வாங்கி வந்து பழைய செட்டில் மாட்டினேன், பித்தளைத் தகடுகளைப் புது செட்டில் மாட்டினேன். டீ கொண்டுவந்த பையன் உள்பட ஒருவர் விடாமல் பழைய செட்டைத்தான் விலை உயர்ந்தது என்றார்கள். டிரம் சுமாராக இருந்தால் ஹெட் மாற்றிச் சரிசெய்யலாம், சிம்பலை டியூன் செய்யவே முடியாது, வாங்கும்போது என்ன சத்தமோ கடைசிவரை அதுதான். பித்தளைத் தகட்டில் ஹைஹேட் மூடி வாசித்தால் எச்சில் தட்டு அடுக்குகிற சத்தம் வரும், மைக் செட்காரர் எந்த ஈக்யூவிலும் (சத்தத்தின் கனத்தையும் கீச்சையும் கூட்டிக் குறைக்கிற திருகு) அதைச் சரிசெய்யமுடியாது.

சிம்பலிலும் பெயர் மயக்கம் உண்டு. 80 சதவீதம் செம்பு, 20 சதவீதம் வெள்ளீயம் கலந்த வெண்கலத்தை பி20 என்கிறார்கள், 92க்கு 8 கலந்தது பி8. ஜில்ஜியன் கம்பெனி 1623 முதல் சிம்பல் செய்கிறது, பி20 என்றால் அந்தப் பாரம்பரியம், பி8 என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு என்று கடைகளில் சொல்வார்கள். ஆனால் 1971ல் வந்து இன்றுவரை விற்கிற பைஸ்டி கம்பெனியின் ‘2002’ என்கிற வரிசை பி8தான், விலையோ வயிற்றைக் கலக்கும். கலவை எண்ணைப் படிப்பதைவிட நம்முடைய ஸ்டிக்கைக் கொண்டுபோய்க் கடையிலேயே தட்டிப் பார்ப்பது மேல், மும்பை தோபி தலாவ் பக்கம் பெரிய கடைகளில் அதற்கெல்லாம் விடுவார்கள். ஓரத்தில் விரல் நகத்தால் தடவி விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள், செகண்ட் ஹேண்ட் என்றால் கட்டாயம்.

இன்னொரு கசப்பான விஷயம். மைக் செட்காரரிடம் மேடையில் எதை எவ்வளவு திறக்கிறீர்கள் என்று கேட்டேன். கிக்குக்கு ஒன்று, ஸ்நேருக்கு ஒன்று, மேலே ஒன்று, டாமுக்கு மைக்கே கிடையாது. அதுமட்டுமில்லை, குத்துப்பாட்டு வந்தால் கிக் சத்தத்தில் பாதிக்கு மேல் ரிதம் பேடிலிருந்து வருகிறதாம். ஆக மூன்று லட்சத்தில் பெரும்பங்கு போன டாம்கள் தெருமுனையில் நிற்கிறவனுக்குப் போய்ச்சேரவே இல்லை. இது நம் ட்ரூப்களின் குறை என்றும் நினைக்கவேண்டாம், பெரிய ஸ்டுடியோ ஆல்பங்களிலும் ஏற்கெனவே பதிவுசெய்து வைத்த கிக், ஸ்நேர் சத்தத்தை வாசித்ததன் மேல் சேர்ப்பது வெகு சாதாரணம். அந்தப் பையன் ஹெட்போனில் கேட்டு மயங்கிய சத்தத்தில் ஷெல்லின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

இப்போது நட்சத்திர விஷயத்துக்கு வருகிறேன், அண்ணாச்சிக்கு இதில்தான் ஆர்வம் அதிகம். டிரம் கம்பெனியும் டிரம்மரும் சேர்வது புதுசில்லை. அமெரிக்க ஜாஸ் டிரம்மர் ஜீன் க்ரூப்பா 1936ல் ஸ்லிங்கர்லேண்ட் கம்பெனியோடு சேர்ந்தார், அவர் பெயரிலேயே அவர்கள் செட் விற்றது. இன்னொரு ஜாஸ் டிரம்மர் பட்டி ரிச் ஸ்லிங்கர்லேண்ட், லட்விக், ராஜர்ஸ் என்று கம்பெனி மாறிக்கொண்டே இருந்தார். அந்தப் பழைய பதிவுகளைக் கண்ணை மூடிக் கேட்டால் எந்தக் கம்பெனி என்று கண்டுபிடிக்க முடிகிறதா என்று அந்தப் பையனையே கேட்கச் சொன்னேன். எல்லாமே பட்டி ரிச்தான்.

பீட்டில்ஸ் குழுவின் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் கதை இதற்கு நேர் எதிர். 1963ல் லண்டனில் டிரம் சிட்டி என்ற கடையில் பழைய பிரீமியர் கம்பெனி செட்டைக் கொடுத்துவிட்டு லட்விக் எடுத்தார்கள், அவருக்குப் பிடித்துப்போனது அந்தக் கறுப்பு முத்துச்சிப்பி நிறம். 1964 பிப்ரவரி 9ஆம் தேதி எட் சல்லிவன் டிவி நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் வாசித்ததை ஏறக்குறைய 7 கோடியே 30 லட்சம் பேர் பார்த்தார்கள், அதற்கப்புறம் ஆர்டரைச் சமாளிக்க லட்விக் தொழிற்சாலை இரவும் பகலும் ஓடியது. கம்பெனி நன்றிக்கடனாக அவருக்குத் தங்கமுலாம் பூசிய ஸ்நேர் ஒன்றைக் கொடுத்தது. விளம்பரத்துக்கென்று சேர்ந்த ஆள் இல்லை, சொந்த விருப்பத்தில் எடுத்தவர், அதனால் அந்தப் பரிந்துரைக்கு எடை உண்டு. ஆனால் அதே ரிங்கோ பிற்பாடு ஸ்டுடியோவில் டாம்கள் மேல் டீ டவலைப் போட்டு மூடித்தான் அந்தப் பொதபொத சத்தத்தை எடுத்தார் என்பதை லட்விக் வாங்க வரிசையில் நின்ற யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

விளம்பர ஒப்பந்தம் என்றால் சும்மா கொடுக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். உச்சத்தில் இருக்கிற சிலருக்குத்தான் அது. அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு ஆர்டிஸ்ட் விலை, அதாவது தள்ளுபடி. வாசிக்கிறவர் காசு கொடுத்து வாங்குகிறார், கம்பெனி அவர் படத்தை வாங்கிக்கொள்கிறது. இன்னொன்று, நட்சத்திரம் மேடையில் வாசிப்பது பல சமயம் அவருக்கென்று அளவெடுத்துச் செய்தது, உடன் டியூன் செய்ய ஒரு டெக்னீஷியன் பயணம் செய்வார். கடையில் நாம் வாங்குவது அதே பெயருள்ள கடை மாடல். இரண்டும் ஒரே செட் என்று விற்பவர் சொன்னால் மாடல் பெயர், ஷெல் அடுக்கு, எந்த நாட்டில் செய்தது என்று மூன்றையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சட்டமும் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2022 ஜூனில் வந்த வழிகாட்டு நெறிகள்படி பொருளைப் பரிந்துரைக்கிறவர் அதைப் பற்றிப் போதுமான தகவலோ அனுபவமோ வைத்திருக்க வேண்டும், கம்பெனியோடு பணத் தொடர்பு இருந்து அது பார்க்கிறவருக்குத் தெரியாது என்றால் வெளிப்படையாகச் சொல்லவும் வேண்டும். தவறாக வழிநடத்தினால் அபராதம் 10 லட்சம் வரை, மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. அமெரிக்காவில் அச்சடித்த போஸ்டர் மேல் இதை வைத்து யாரும் வழக்குப் போடப்போவதில்லை. ஆனால் இங்கே ரீல் போட்டு செட் விற்கிற நம்மூர் டிரம்மர்களைப் பார்க்கும்போது, ஒப்பந்தம் உண்டா என்று ஒரு வரி எழுதியிருக்கிறாரா என்று தேடிப்பார்க்கலாம்.

நம் ஆட்களுக்கு விளம்பரம் புரியாது என்றும் இல்லை. பக்கத்து மாஹிமில் வளர்ந்த ஜாகிர் உசேன் தாஜ்மஹால் டீ விளம்பரத்தில் தபேலா வாசித்தார், அந்த டீயைக் குடித்தால் கை ஓடும் என்று தாராவியில் ஒருத்தரும் நம்பவில்லை. டீயில் புரிந்த விஷயம் டிரம்மில் புரியாமல் போவது, அவர் கையில் இருக்கிற சாமானையே விற்கிறார்கள் என்பதால்தான்.

இதைச் சொன்னதும் ட்ரூப்பில் ஒருவர், "அப்ப சிவமணி சூட்கேஸ்லயும் தண்ணி கேன்லயும் வாசிக்கலயா, சாமான்ல என்ன இருக்கு" என்று ஆரம்பித்தார். எனக்கு இந்த வாதம் பிடிக்காது. சிவமணி சூட்கேஸில் வாசிப்பார், சரி, அவரைச் சுற்றி மேடை நிறைய எத்தனை நல்ல சாமான் இருக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். கை இருந்தால் போதும் என்று சொல்லிச் சொல்லியே நம் ட்ரூப்களில் ஓட்டை பெடலையும் செத்த ஹெட்டையும் பையன்கள் தலையில் கட்டுகிறார்கள். இந்தப் பையனின் பழைய பெடலில் ஸ்பிரிங் இழுவை போய், இரட்டைக் கிக் வரவேண்டிய இடத்தில் ஒன்றுதான் விழுந்துகொண்டிருந்தது, அதை அவன் கால் குறை என்று நினைத்துப் பயிற்சி செய்திருக்கிறான்! பெடலுக்குப் பத்தாயிரம் போட்டதும் அந்தக் குறை அன்றைக்கே போனது.

அண்ணாச்சி பக்கத்து நியாயம் ஒன்றையும் சேர்க்கவேண்டும். புது செட் மேடையில் மின்னுவதைப் படம் எடுத்துப் போட்டதில் நவி மும்பையிலிருந்து இரண்டு வரவேற்பு புக்கிங் வந்ததாம். "பாக்குதவன் கண்ணுக்கும் வேணும்லா தம்பி" என்றார். வாஸ்தவம். ஆனால் கண்ணுக்கு வேண்டியதற்கு மூன்று லட்சம் தேவையில்லை, பழைய ஷெல்லுக்கு மினுமினுப்பு ராப் (மேலே சுற்றி ஒட்டுகிற பளபளப்புத் தாள்) ஒட்டி, கிக் முன்பக்க ஹெட்டில் ட்ரூப் பெயரைப் பெரிதாக எழுதினால் போதும். பீட்டில்ஸ் பெயரை அந்த கிக் ஹெட்டில் எழுத ஆன செலவு 5 பவுண்டு என்று சொல்வார்கள்.

கடைசியில் செய்தது இது. ஸ்நேரை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற நான்கு டிரம்மையும் அந்தேரியில் ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோவுக்கு விற்றார்கள். தினமும் மைக் வைத்துப் பதிவு செய்கிற இடம், அங்கே அந்த ஷெல்லுக்கு வேலை இருக்கிறது. கொடுத்த விலையில் பெரிய துண்டு விழுந்தது, கடனில் ஒரு பகுதி இன்னும் ஓடுகிறது. வந்த பணத்தில் வெண்கல ஹைஹேட், ஒரு கிராஷ், தாளம் ஓட்டுகிற ரைடு சிம்பல் ஒன்று, ஹெட் ஒரு செட் கூடுதலாக, சிம்பலுக்குப் பை. பல அரங்கங்களில், ஹோட்டல் நிகழ்ச்சிகளில் இப்போது டிரம் அவர்களே வைத்திருக்கிறார்கள், நாம் கொண்டுபோகவேண்டியது ஸ்நேர், சிம்பல், பெடல் மூன்றும்தான். லோக்கல் டிரெயினிலேயே போய்விடலாம், டெம்போ வாடகை மிச்சம்.

பையனுக்கு முகம் வாடிவிட்டது, மறைக்கவேண்டியதில்லை. அந்த நட்சத்திரத்தின் பெயர் போட்ட ஸ்டிக் மட்டும் வாங்கிக்கொள்கிறேன் என்றான், சாதாரண 5ஏ அளவு ஸ்டிக்கைவிடக் கொஞ்சம்தான் கூடுதல், கைக்குச் சரியாக இருந்தால் தாராளமாக வாங்கு என்று சொல்லிவிட்டேன். ஃப்ளோர் டாம் இன்னும் பாக்கி. கணபதி சீசனுக்கு முன்னால் 16 இஞ்சில் செகண்ட் ஹேண்ட் ஏதாவது அமைந்தால் எடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன், எந்தக் கம்பெனி ஆனாலும் பரவாயில்லை, முதலில் விளிம்பைப் பார்க்கவேண்டும்.